முதியோர் இல்லத்தில் அதிர்வுப் பலகைப் பயிற்சி: 84 வயது அம்மாவை ஏற்றலாமா?

மூத்தமகள்:

வணக்கம். அம்மாவுக்கு 84 வயது, இரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வாக்கர் பிடித்து நடப்பார். போன வருடம் இரண்டு முறை விழுந்துவிட்டார், ஒரு தடவை மணிக்கட்டு எலும்பு முறிந்து கட்டுப் போட்டு இப்போது சேர்ந்துவிட்டது. இடது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்து ஒன்பது வருடம் ஆகிறது. ஐந்து வாரத்துக்கு முன்புதான் வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள்.

இப்போது விஷயம் என்னவென்றால், இல்லத்தில் புதிதாக ஒரு அதிர்வுப் பலகை வாங்கியிருக்கிறார்கள். முழு உடலும் அதிர்கிற மாதிரி மேலே ஏறி நிற்கவேண்டும், அவ்வளவுதான். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிஸ்ட் வந்து செய்யவைப்பாராம். ஒப்புதல் படிவம் என்று அரைப் பக்கத் தாள் ஒன்று கொடுத்தார்கள். எலும்பு பலப்படும், தசை வலுப்படும், ரத்த ஓட்டம் சீராகும், விழுவது குறையும் என்று எல்லாம் அதில் இருக்கிறது, யாருக்குச் செய்யக்கூடாது என்று மட்டும் ஒரு வரி கூட இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது இன்னொரு பாட்டியம்மாவை ஏற்றியிருந்தார்கள், கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார், விரல் கணு எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. மூக்குக் கண்ணாடி அதிர்ந்து அதிர்ந்து மூக்கின் நுனிவரை இறங்கிவிட்டது, அதைத் தள்ளிவிட ஒரு கையை எடுக்கவும் அவருக்குப் பயம். உதவியாளர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த இன்னொருவரோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் அம்மாவுக்கு ரொம்ப ஆசை. "சும்மா நின்னாப் போதுமாம்டி, காலுக்குத் தெம்பு வருமாம்" என்று ஃபோனில் மூன்று தடவை சொல்லிவிட்டார். தம்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு என்கிறான். இதில் உண்மையிலேயே பலன் உண்டா, அம்மா மாதிரி உடம்புக்குப் பாதுகாப்பானதா, இல்லத்தில் நான் என்னென்ன கேட்கவேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

இயன்முறை:

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட், பதினான்கு வருடமாக வயதானவர்களோடுதான் வேலை. முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கண் அறுவை முடிந்து ஐந்து வாரம்தான் ஆகியிருக்கிறது. அதிர்வுப் பலகையில் நின்றபின் கண்ணுக்குள் வைத்த செயற்கை லென்ஸ் இடம் பெயர்ந்ததும், விழிக்குள் ரத்தம் கசிந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எண்ணிக்கையில் அவை மிகக் குறைவுதான், இருந்தாலும் புதிதாக லென்ஸ் வைத்த கண்ணோடு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கண் மருத்துவர் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை அந்தப் பேச்சே வேண்டாம்.

அடுத்தது முழங்கால். உலோக மூட்டு வைத்தவர்களுக்குப் பல கருவித் தயாரிப்பாளர்களே வேண்டாம் என்றோ, மருத்துவரைக் கேட்டுச் செய்யவும் என்றோ எழுதியிருப்பார்கள். ஒன்பது வருடம் ஆகி மூட்டு உறுதியாக இருந்தால் சில அறுவை மருத்துவர்கள் அனுமதிப்பதுண்டு. அதை அவர்தான் சொல்லவேண்டும், பலகையை வாங்கியவர்கள் சொல்லக்கூடாது.

இவை தவிர நான் ஒருவரை ஏற்றுமுன் கேட்பவை: காலில் ரத்தக்கட்டு இருந்திருக்கிறதா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, சமீபத்தில் எலும்பு முறிவோ அறுவையோ நடந்ததா, சிறுநீரகக் கல் அல்லது பித்தப்பைக் கல், வலிப்பு, விழித்திரைப் பிரச்சினை, குடலிறக்கம், புற்றுநோய், படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறதா. இந்தக் கடைசிக் கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். உள்காதில் இருக்கிற சின்னச் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறினால் வரும் தலைச்சுற்றல் அது, அதிர்வுப் பயிற்சிக்குப் பிறகு அது வந்தவர்களைப் பற்றியும் பதிவு உண்டு. விழும் பயம் உள்ள ஒருவருக்குத் தலைச்சுற்றலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இப்போது நீங்கள் பார்த்த மூக்குக் கண்ணாடிக்கு வருகிறேன். நீங்கள் நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், நன்றி. கண்ணாடி அப்படி இறங்குகிறது என்றால் அதிர்வு தலைவரைக்கும் போகிறது என்று அர்த்தம், அது போகக்கூடாது. அநேகமாக அந்தப் பாட்டியம்மா முழங்காலை நீட்டி விறைப்பாக நின்றிருப்பார். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, நாற்காலியில் உட்காரப் போய்ப் பாதியில் நின்ற மாதிரி நின்றால், கால் தசையே அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும். வேலை செய்யவேண்டியதும் அந்தத் தசைதான். நேராக நின்றால் முதுகெலும்பு வழியாக மண்டைக்குப் போகும், பல்செட் கடகடக்கும், பார்வை மங்கும். கம்பியை இறுக்கிப் பிடித்துக் கைமேல் எடையைப் போட்டாலும் கால் வேலை செய்யாது. விரல் நுனி பட்டால் போதும் என்கிற அளவுக்கு அவர் தைரியமாக இல்லை என்றால் வேகத்தைக் குறைக்கவேண்டும்.

பலகையில் இரண்டு வகை உண்டு. ஒன்று மொத்தமாக மேலும் கீழும் போகும். இன்னொன்று நடுவில் அச்சு வைத்துச் சீசா மாதிரி இடது வலது என்று மாறி மாறி ஏறி இறங்கும். இரண்டாவதில் இடுப்பு ஆடி அதிர்வைத் தணித்துவிடுவதால் தலைக்குப் போவது குறைவு, வயதானவர்களுக்கு நான் அதைத்தான் விரும்புவேன். அதில் கால்களை அகட்டி நிற்க நிற்க வீச்சு கூடும், அதனால் பாதம் எங்கே வைக்கவேண்டும் என்று டேப் ஒட்டி அடையாளம் போட்டிருக்கவேண்டும்.

வேகத்தை ஹெர்ட்ஸில் சொல்வார்கள், ஒரு விநாடிக்கு எத்தனை தடவை என்று. பயிற்சிப் பலகைகள் பெரும்பாலும் 5 முதல் 50 ஹெர்ட்ஸ்வரை போகும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் உடம்பு உணரும் முடுக்கம் நான்கு மடங்காகும், இது நிறையப் பேருக்குத் தெரியாது. பலகை நடு நிலையிலிருந்து 2 மி.மீ. ஏறி இறங்குகிறது என்று வையுங்கள். 12 ஹெர்ட்ஸில் அது புவியீர்ப்பைவிடக் கொஞ்சம்தான் அதிகம், அதே பலகை 30 ஹெர்ட்ஸில் ஏழு மடங்குக்கு மேல். கருவியில் ஒரு பொத்தானை நாலைந்து தடவை அழுத்தினால் இந்த வித்தியாசம் வந்துவிடும், அழுத்துகிறவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். அதற்காகக் குறைந்த எண் என்றாலே பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலும் கீழும் போகிற வகையில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உடம்பே சேர்ந்து அதிர ஆரம்பிக்கும், அதனால் அந்த வகையில் அவ்வளவு கீழே போவதைத் தவிர்ப்போம்.

எப்படி வேலை செய்கிறது என்றால், தசை வேகமாக இழுபடும்போது அதிலுள்ள உணர்விகள் முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்பித் தசையைத் தானாகச் சுருங்கவைக்கும். இந்த அனிச்சைச் செயலை 1966இலேயே ஸ்வீடனில் ஹாக்பார்த், எக்லண்ட் என்ற இருவர் விவரித்துவிட்டார்கள். அதனால் அடிப்படை பொய் இல்லை. அரைப் பக்கத் தாளில் எழுதியிருக்கிற அளவுக்குப் பலன் வருமா என்பது வேறு கேள்வி.

---

வாசிப்பாளன்:

அந்த வேறு கேள்விக்கு நான் கொஞ்சம் சொல்கிறேன். நான் மருத்துவத் துறை இல்லை, புள்ளியியல் கற்பிக்கிறவன். மாமியாருக்காக இதே விஷயத்தைத் தேடித் தேடி ஒரு மாதம் படித்தேன், அதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதியோர் இல்லங்களிலேயே நடந்த சோதனைகள் இருக்கின்றன, நல்ல வேளையாக. 2005இல் பெல்ஜியத்தில் இரண்டு வந்தன. லியேஜ் நகரில் 42 பேர், ஆறு வாரம், வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு நான்கு நிமிடம் மட்டும் அதிர்வு, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனையில் இவர்களுக்குச் சராசரியாக 11 விநாடி குறைந்தது, வெறும் பிசியோதெரபி மட்டும் செய்தவர்களுக்குக் குறையவில்லை. பிரஸ்ஸல்ஸில் 24 பேரிடம் ஆறு வாரம் செய்த இன்னொன்றிலும் சமநிலை மேம்பட்டது. படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் மேலே படிக்கப் படிக்கத்தான் படம் மாறியது. அதே லியேஜில் 2013இல் 62 பேரோடு மூன்று மாதம் செய்தார்கள், தடவைக்கு 15 விநாடி வீதம் ஐந்து முறை, 30 ஹெர்ட்ஸ். வித்தியாசம் ஒன்றும் வரவில்லை. நேரம் மிகக் குறைவு என்று சொல்லலாம், நியாயம்தான். ஆனால் பார்சிலோனாவில் முதியோர் இல்லங்களில் 159 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும், இன்னொரு குழுவுக்கு அதே பயிற்சியை அதிர்வுப் பலகைமேல் நின்று என்று ஆறு வாரம் செய்தார்கள். 2015இல் முடிவு வந்தது: இரண்டு குழுவுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. என்னைப் பொறுத்தவரை இதுதான் சரியான கேள்வியைக் கேட்ட சோதனை. சும்மா உட்கார்ந்திருப்பவரோடு ஒப்பிட்டால் எதைச் செய்தாலும் நன்றாகத்தான் தெரியும்.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, பார்க்கின்சன் நோயாளிகள் ரயிலிலும் குதிரை வண்டியிலும் குலுங்கிப் பயணம் செய்தபின் கொஞ்சம் நன்றாக இருப்பதைக் கவனித்து, 1892 வாக்கில் அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்யவைத்தார். நூற்றிருபது வருடம் கழித்து, 2012இல், அதை மறுபடி சோதித்தார்கள். அதிரும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் தேறினார்கள், அதிராத நாற்காலியில் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்களும் அதே அளவு தேறினார்கள். அதனால்தான் ஒப்பிடும் குழு யார் என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

எலும்பு விஷயத்தில் படிவத்தில் எழுதியிருப்பதை நம்பவேண்டாம். டொராண்டோவில் மாதவிடாய் நின்ற 202 பெண்கள் வீட்டிலேயே பலகை வைத்துத் தினமும் 20 நிமிடம் ஒரு வருடம் நின்றார்கள், 2011இல் முடிவு வந்தது, எலும்பு அடர்த்தியில் மாற்றம் இல்லை. பாஸ்டனில் 174 முதியவர்கள் தினம் 10 நிமிடம் என்று இரண்டு வருடம், 2015இல் முடிவு, அங்கேயும் இல்லை. இந்த இரண்டும் மெல்லிய அதிர்வு, புவியீர்ப்பில் 0.3 பங்கு. ஹாங்காங்கில் 60 வயதைத் தாண்டிய 710 பெண்களிடம் 18 மாதம் இதே மெல்லிய அதிர்வைக் கொடுத்தபோது விழுதல் அல்லது எலும்பு முறிவு ஏற்பட்டவர்கள் 18.6 சதவீதம், கொடுக்காதவர்களில் 28.7 சதவீதம். இது நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் வெளியே தாங்களாக நடமாடிக்கொண்டு வாழ்கிறவர்கள், உங்கள் அம்மா நிலையில் இருப்பவர்கள் இல்லை.

இதையெல்லாம்விட என் மனதை மாற்றியது வேறு இரண்டு. 1994இல் பாஸ்டனில் முதியோர் இல்லவாசிகள் 100 பேர், சராசரி வயது 87, அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பத்து வாரம் எடை வைத்துக் கால் பயிற்சி கொடுத்தார்கள். தசை பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. எண்பத்தேழு வயதில்! 2018இல் ஆஸ்திரேலியாவில் 16 இல்லங்களில் 221 பேர், வாரம் இரண்டு மணி நேரம் எடைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் 25 வாரம், பிறகு அதை விடாமல் தொடரும் பயிற்சி. விழுவது 55 சதவீதம் குறைந்தது. அதிர்வுப் பலகையில் இந்த அளவுக்கு ஒரு எண்ணை முதியோர் இல்லத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

---

அப்பாவின்_கைத்தடி:

வாசிப்பாளன் சார் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எங்கள் வீட்டு அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி, அதையும் சொல்லவேண்டும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மறதியும் சேர்ந்துவிட்டது. "காலைத் தூக்குங்கள், பத்து எண்ணுங்கள்" என்றால் இரண்டாவதிலேயே மறந்துவிடுவார். கணுக்காலில் மணல் பை கட்டினால் அவிழ்த்துப் போட்டுவிடுவார். எந்தப் பயிற்சியும் நடக்கவில்லை. அப்படிப்பட்டவர் பலகையில் மட்டும் நிற்பார், ஏனென்றால் அதற்கு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. சீசா வகை, மெதுவான வேகம், 30 விநாடி நிற்பது, உட்கார்ந்து ஓய்வு, மறுபடி 30 விநாடி, இப்படி ஐந்து தடவை. முதல் இரண்டு வாரம் காலெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே இருந்தார், தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் அப்படி வரும், போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள், சரியாகிவிட்டது. இரண்டு மாதத்தில் கட்டிலிலிருந்து எழும்போது என் தோளைப் பிடித்து இழுப்பது குறைந்தது. எனக்கு அது பெரிய விஷயம். பலகையாலா, வாரம் மூன்று நாள் யாரோ கையைப் பிடித்து நிற்கவைத்ததாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கெட்டதும் நடந்தது. ஒரு நாள் நேரம் முடிந்ததும் பலகை சட்டென்று நின்றது. அப்பா தானாக இறங்கப் பார்த்தார். பலகையின் உயரம் ஒரு சாண் கூட இருக்காது, ஆனால் அதிர்வு நின்றதும் கொஞ்ச நேரம் பாதம் மரத்த மாதிரி இருக்கும், தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. உதவியாளர் அடுத்தவரை அழைத்துவரப் போயிருந்தார். நான் தற்செயலாக வாசலில் இருந்ததால் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துவிட்டேன், இல்லை என்றால் முகம் குப்புற விழுந்திருப்பார். இன்றைக்கு நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது.

அதனால் அக்கா, நீங்கள் போய்க் கேட்கவேண்டிய முதல் கேள்வி என் கணக்கில் இதுதான்: ஏறும்போதும் நிற்கும்போதும் இறங்கும்போதும் அம்மாவின் பக்கத்தில் ஒரு ஆள், அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டு, இருப்பாரா? நின்றபின் ஒரு நிமிடம் அங்கேயே நிற்கவைத்து அப்புறம் இறக்குவார்களா?

---

மூத்தமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று மதியம் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். பலகை மேலும் கீழும் போகிற வகைதானாம். எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்டேன், உதவியாளருக்குத் தெரியவில்லை, "மூணாவது லெவல்" என்றார். பிசியோதெரபிஸ்ட் நல்ல மாதிரியாகப் பேசினார், கண் அறுவை நடந்தது அவருக்குச் சொல்லப்படவே இல்லையாம், கேட்டதும் முகம் மாறிவிட்டது, உடனே பட்டியலிலிருந்து அம்மா பெயரை எடுத்துவிட்டார். படிவத்தில் கேள்விகள் சேர்க்கவேண்டும் என்று அவரே சொன்னார். ஆனால் அவர் வருவது வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான், அதற்குள் இருபத்திரண்டு பேர்.

அம்மாவுக்குத்தான் மனசு விட்டுப்போச்சு. "எல்லாரும் ஏறுறாங்க, என்னை மட்டும் ஏத்தலை" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவருக்கு வேறு என்ன கொடுக்கலாம்? சும்மா உட்கார்ந்தே இருந்தால் இருக்கிற தெம்பும் போய்விடுமே.

---

இரவுப்பணி:

நான் முதியோர் இல்லத்தில் பதினோரு வருடமாகச் செவிலியர், பெரும்பாலும் இரவு. அம்மாவை நினைத்துக் கஷ்டப்படாதீர்கள், அவருக்கு ஆசை இருக்கிறதே அதுதான் பெரிய சொத்து. எங்களிடம் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஆசையை எழுப்புவதற்கே மாதக்கணக்காகும்.

நாற்காலி போதும். கை வைத்த, சுவரை ஒட்டிப் போட்ட, நகராத நாற்காலி. அதிலிருந்து எழுந்து நின்று, மெதுவாக, தொப்பென்று விழாமல் உட்காரவேண்டும். முதலில் இரண்டு கையையும் ஊன்றி எழட்டும். கஷ்டமாக இருந்தால் கெட்டியான திண்டு ஒன்றைப் போட்டு உட்காரும் இடத்தை உயர்த்துங்கள், நாள் போகப்போக உயரத்தைக் குறையுங்கள். மெதுவாக உட்காருவதும் தசைக்கு நல்ல வேலை என்று எங்கள் பிசியோ சொல்வார், மூன்று எண்ணி உட்காரச் சொல்லுவார். மூக்கு கால் கட்டைவிரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்தால்தான் எழ வரும், நிறையப் பேர் பின்னால் சாய்ந்தபடியே எழப் பார்த்து மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

இன்னும் ஒன்று, நான் இரவில் பார்ப்பது. எங்கள் இல்லத்தில் விழுகிறவர்கள் பயிற்சி நேரத்தில் விழுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போக அவசரமாக எழும்போது, சட்டென்று நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும்போது, தூக்க மாத்திரை மயக்கம் தெளியாதபோது, குதிகால் இல்லாத தொளதொள செருப்பில் கால் வழுக்கும்போதுதான் விழுகிறார்கள். அம்மா விழுந்த இரண்டு தடவையும் எத்தனை மணிக்கு, எங்கே என்று இல்லத்துப் பதிவேட்டில் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். மாத்திரைப் பட்டியலை மருத்துவரிடம் ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு நல்ல பலகை வந்தாலும் கழிவறை வாசலில் விளக்கு எரியவில்லை என்றால் என்ன செய்யமுடியும்?

இருபத்திரண்டு பேருக்கு இரண்டு மணி நேரம் என்றால் எங்கள் இடத்திலும் அதே நிலைதான். கருவி வாங்கும்போது கூடவே ஒரு ஆளையும் போடவேண்டும் என்று யாராவது உறவினர் எழுதிக் கொடுத்தால் நிர்வாகம் கேட்கும், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை. முடிந்தால் எழுதிக் கொடுங்கள் அக்கா.

---

இயன்முறை:

இரவுப்பணி சொன்னதுதான் நானும் சொல்ல நினைத்தது. ஒரே ஒரு சேர்க்கை: ஆரம்பிக்கும் முன்பு ஒரு அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 30 விநாடியில் அம்மா எத்தனை முறை எழுந்து உட்காருகிறார், கையை ஊன்றியா ஊன்றாமலா என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் நேரத்தைப் பிசியோ எடுத்துத் தருவார், வாக்கரோடு என்றால் வாக்கரோடு என்றே எழுதவேண்டும். ஆறு வாரம் கழித்து அதே நாற்காலி, அதே செருப்பு, அதே நேரத்தில் மறுபடி எடுங்கள். பார்வை இப்போதுதான் தெளிவாகி வருவதால் அதனாலேயே நடை கொஞ்சம் மேம்படலாம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண் அறுவைக்குப் பிறகு குனிவது, கனம் தூக்குவது பற்றி கண் மருத்துவர் ஏதாவது சொல்லியிருந்தால் அதை முதலில் கேளுங்கள், மூக்கை முன்னால் சாய்ப்பது கூட அதில் அடங்கும். மணிக்கட்டு முறிந்தது வலது கையா? அப்படியென்றால் அந்தக் கையை ஊன்றி எழும்போது வலிக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு கண்ணும் முழங்காலும் சரி என்று இரண்டு மருத்துவரும் எழுதிக் கொடுத்து, கருவியின் எண்கள் என்ன என்று பிசியோவுக்குத் தெரிந்து, பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால், அம்மா ஆசைக்கு ஏறட்டும், நான் தடுக்கமாட்டேன். முழங்கால் மடங்கியிருக்கவேண்டும், மூக்குக் கண்ணாடி அசையக்கூடாது.

---

மூத்தமகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். அம்மா இரண்டு தடவையும் விழுந்தது அதிகாலை நாலு மணியை ஒட்டி, கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில். எனக்கு இத்தனை நாளும் இது தெரியாது, "நடக்கும்போது விழுந்துட்டார்" என்று மட்டும்தான் ஃபோனில் சொல்லியிருந்தார்கள். இப்போது கட்டில் பக்கம் சின்ன விளக்கு போட்டாகிவிட்டது, பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தேன். ரத்த அழுத்த மாத்திரை ஒன்றின் அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார்.

கண் மருத்துவர் நாற்காலிப் பயிற்சிக்குச் சரி என்றார், பலகைக்கு இப்போது வேண்டாம், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது பார்க்கலாம் என்றார். நான், தம்பி, இன்னும் ஐந்து குடும்பத்தினர் சேர்ந்து பலகை நேரத்துக்குத் தனியாக ஒரு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

நோட்டில் முதல் நாள் கணக்கு: 30 விநாடியில் மூன்று முறை, இரண்டு கையும் ஊன்றி. நேற்று ஆறு. கடைசி இரண்டுக்கு இடது கையைத் தூக்கி முந்தானையைப் பிடித்துக்கொண்டார், ஒரு கையால்தான் எழுந்தார். பக்கத்து அறைப் பாட்டியம்மா, அதே மூக்குக் கண்ணாடிக்காரர்தான், கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து தனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார்.